மஞ்சப்பட்டைக்காரி

என் வீட்டுக்காரர் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்லமாட்டாள். வார்டு ஆபீசில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிற யாரையாவது சொல்லச் சொல்லுவேன். ஆனால் அவர் ஏறிப் போன கப்பலின் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு தடையும் இல்லை. அதனால் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக, அவரை நினைக்கும்போதெல்லாம் கப்பல் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். சொல்லிச் சொல்லி அது அவர் பெயராகவே ஆகிவிட்டது. ஆகையால் அதையும் இங்கே எழுதப்போவதில்லை.

துறைமுகத்தில் யாரும் அந்தக் கப்பலை அந்தப் பெயரால் கூப்பிட்டதும் இல்லை. மூட்டை தூக்குகிறவர்களுக்கு வெள்ளைக்காரன் எழுத்து எங்கே தெரியும்? அவர்களுக்குப் புகைக்குழாய்தான் அடையாளம். கறுப்புக் குழாயில் வெள்ளைக் கோடு போட்டிருந்தால் நாமக்காரன். ஒரு கோடும் இல்லாமல் முழுக் கறுப்பாக இருந்தால் கரிச்சட்டி. கறுப்புக் குழாயின் நடுவில் மஞ்சளாக ஒரு வளையம் இருந்தால் மஞ்சப்பட்டைக்காரி. காலையில் மேஸ்திரி வந்து, "இன்னைக்கு எல்லாரும் மஞ்சப்பட்டைக்காரிக்குப் போங்கடா" என்று சொன்னால் போதும், ஆற்றில் எத்தனை கப்பல் நின்றாலும் சம்பான் படகுகள் நேராக அங்கே போய் நிற்கும்.

என் வீட்டுக்காரர் வின்ச் ஓட்டுகிற வேலையில் இருந்தார். கப்பல் மேல்தட்டில் நீராவியில் ஓடுகிற சக்கரம் அது. சம்பானில் இருக்கும் அரிசி மூட்டைகளைக் கயிற்று வலையில் கட்டி, வின்ச்சால் இழுத்துத் தூக்கி, கப்பலின் வயிற்றுக்குள் இறக்குவார்கள். அறுப்பு முடிந்து நெல் அரைத்து அரிசி வருகிற மாதங்களில் மஞ்சப்பட்டைக்காரி தவறாமல் ரங்கூனுக்கு வந்துவிடும். அப்போது ஊருக்குப் பெயர் ரங்கூன்தான். நான் அப்போதுதான் கல்யாணம் ஆகி மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த என் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தேன்.

ஒரு நாள் அவர் சோற்றுத் தூக்கை எடுக்காமல் போய்விட்டார். நானே எடுத்துக்கொண்டு பான்சோடான் துறைக்குப் போய், ஒரு பர்மாக்காரக் கிழவனின் சம்பானில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். புதுப்பெண் இப்படித் தனியாக ஆற்றில் போவதாவது என்று பிறகு பெரிய பேச்சானது. நான் எதற்கும் பயந்தவள் இல்லை. கிட்டப் போகப்போகக் கப்பல் மேலே மேலே உயர்ந்தது. கடைசியில் வானமே தெரியவில்லை, இரும்புதான் தெரிந்தது. இரும்புத் தகட்டோடு தகடு வைத்து ஆணி அறைந்திருந்தார்கள், ஆணித் தலைகள் வரிசை வரிசையாகப் புடைத்துக்கொண்டிருந்தன. மேலிருந்து கயிறு விட்டுத் தூக்கை இழுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் நான் கையை நீட்டி அந்த ஆணித் தலைகளைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. உள்ளே ஏதோ துடிப்பதுபோல் கைக்குத் தெரிந்தது. உள்ளங்கை முழுக்கத் துரு. வீட்டுக்கு வந்து கழுவின பிறகும் ரேகைக்குள் செம்மண் நிறம் போகவில்லை.

அடுத்த வருஷம் கப்பல் வந்தபோது, எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிற ஆள் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டு அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். ஆள் குறைந்தது. இவரை அந்தக் கப்பல் எஞ்சினியருக்கு நன்றாகத் தெரியும். "வர்றியா?" என்று கேட்டாராம், இவர் "வர்றேன்" என்றாராம். வீட்டில் வந்து சொன்னதும் அவ்வளவுதான். அதிகம் பேசுகிற மனுஷன் இல்லை. போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கேதான் எனக்குக் குழப்பம்.

அவர் கடைசியாக ரங்கூனில் இருந்தபோது கப்பல் சரக்கு ஏற்றி முடித்த பிறகும் கிளம்பாமல் நடு ஆற்றில் கிடந்தது. அப்போது ஒரு சாயங்காலம் இரண்டு கையும் கறுப்புப் பெயிண்டாக வீட்டுக்கு வந்தார். முழங்கை வரை, காது மடல் வரை. "எங்க போய்ப் பூசிக்கிட்டு வந்தீங்க?" என்றேன். "மேல வேலை" என்றார். மேலே என்றால் புகைக்குழாய். கயிற்றில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிப்பார்கள். நான் மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டேன். இது நடந்தது நிச்சயம்.

ஆனால் அந்த மண்ணெண்ணெய் வாடையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து, வெளியே ஓடி வாந்தி எடுத்ததும் நினைவிருக்கிறது. அப்படியானால் நான் மாசமாக இருந்திருக்கிறேன். அதாவது அது கடைசித் தடவை இல்லை, அதற்கு முந்தின தடவை. அதே சமயம், என் மகன் மடியில் இருந்துகொண்டு அப்பாவின் கறுப்பு விரலைப் பிடித்து வாயில் வைக்கப் போனதும், நான் பிள்ளையின் கையைத் தட்டிவிட்டதும் கண் முன்னால் நிற்கிறது. அப்படியானால் அது கடைசித் தடவைதான். வயிற்றில் இருந்த பிள்ளை மடியிலும் எப்படி இருந்தான்? இரண்டு தடவையும் பெயிண்ட் அடித்தாரோ? அல்லது ஒன்று நடந்தது, மற்றதை நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனோ? தெரியவில்லை. இத்தனை வருஷமும் இதைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

இது எதற்கு முக்கியம் என்றால், அவர் கடைசியாகப் போன அந்த வருஷ மழைக்காலத்தில் செய்தி ஒன்று வந்தது. இன்னொரு கப்பலில் வந்தவர்கள் மேஸ்திரியிடம் சொன்னார்கள், மேஸ்திரி ஓடிவந்து எங்கள் வீட்டில் சொன்னார். மேஸ்திரி என் மாமியாருக்குக் கூடப்பிறந்த தம்பி. "அக்கா, மஞ்சப்பட்டைக்காரி போயிருச்சு. பெருங்கடல்ல புயல்ல மாட்டி முங்கிருச்சு. ஒருத்தரும் மிஞ்சல."

என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. "அது அவரு கப்பல் இல்ல" என்றேன்.

"என்னாடி சொல்ற?"

"அவரு கப்பல்ல மஞ்சப்பட்டை இல்ல அத்தை. போறதுக்கு முந்தியே கறுப்பு அடிச்சு மூடிட்டாங்க. அவரு கையாலதான் அடிச்சாரு. நான்தான் மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சேன்."

கூட்டத்தில் யாரோ, பாவம் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னது காதில் விழுந்தது. மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அடியே, பெயிண்ட் அடிச்சா எமன் அடையாளம் தெரியாம விட்டுருவானா?"

"எமனுக்கு அடையாளம் தெரியும் அத்தை. ஒங்க தம்பிக்குத்தான் தெரியல."

இப்படிப் பேசினதற்காக அந்தத் தெருவில் பல வருஷம் என்னைப் பேசினார்கள். பேசட்டும். மேஸ்திரி மறுநாள் கியாக்டடாவில் கப்பல் ஏஜண்டு ஆபீசுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அந்தச் சமயத்தில் ஆபீஸ்களையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள் ஒருவரும் இல்லையாம், புதிதாக உட்கார்ந்திருந்தவர்கள் எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் துறைமுகத்துப் பேச்சே கடைசிப் பேச்சாகிவிட்டது.

பதினாறாம் நாள் தாலி வாங்கப் பெண்கள் வந்தார்கள். நான் விடியும்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய், அம்மன் சந்நிதிக்கு எதிரே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அம்மன் முன்னால் வந்து என் கழுத்தில் கைவைக்க யாருக்கும் தைரியம் இல்லை. பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டில் உலை வைக்க வேண்டுமே, ஒவ்வொருத்தியாகக் கிளம்பிவிட்டார்கள். நான் குங்குமத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்றிலிருந்து ஒரே வீட்டில் அவர் செத்தும் இருந்தார், உயிரோடும் இருந்தார். மாமியாருக்குச் செத்த மகன், எனக்கு உயிரோடு இருக்கிற புருஷன். ஆடி அமாவாசைக்கு மாமியார் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய், அவன் கையால் எள்ளும் தண்ணீரும் விடச் செய்வார். வீட்டுக்கு வந்து வாழைக்காய் வறுவலும் பாயசமும் படைப்பார். அதே நாள், அதே அடுப்படியில், நான் மீன் குழம்பு வைப்பேன். வேண்டுமென்றேதான் வைப்பேன். முகத்தில் பர்மாக்காரிகள்போல் தனாக்காக் கட்டையை அரைத்துப் பூசி, அதன்மேல் குங்குமத்தைக் காசு அகலத்துக்கு வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். குழாயடியில் ஒருத்தி கேட்பாள், "என்னாக்கா, கப்பல் வந்துருச்சா?"

"வரும்போது ஒங்க வீட்டு வாசல்லதான் கட்டுறதா சொல்லியிருக்காங்க. எடம் ஒதுக்கி வையி."

வாய்ச் சண்டையில் யாரும் என்னை ஜெயித்ததில்லை. ஆனால் குடத்தோடு வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பெயிண்ட் வந்து நின்றுவிடும். முந்தின தடவையா, கடைசித் தடவையா? முந்தின தடவை என்றால், பழைய பெயிண்ட்டின்மேல் மறுபடி மஞ்சள் அடித்திருப்பார்கள், போனது அவர் கப்பல்தான், மாமியார் சொல்வதுதான் சரி. வாய் ஒன்று பேசும், வயிறு ஒன்று பேசும்.

என் மாமியார் படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வந்தா சொல்லு, நான் ரொம்ப வருஷம் சோறு வச்சேன்னு" என்றார். இத்தனை காலம் மகனைச் சாக அடித்துக்கொண்டிருந்தது அவர்தானே? இப்போது வருவான் என்கிறாரே? "சொல்றேன் அத்தை" என்றேன். அதற்குப் பிறகும் ஆடி அமாவாசைக்கு என் மகன் ஆற்றுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆயாவுக்குக் கொடுத்த வாக்கு என்பான். நானும் மீன் வைப்பதை நிறுத்தவில்லை.

என் பேத்தியைக் கட்டியிருக்கிற மாப்பிள்ளையும் கப்பல்காரர்தான். இரண்டாவது எஞ்சினியர். அப்பா தமிழ், அம்மா பர்மாக்காரி, பேச்சும் அப்படியே பாதிப் பாதியாக வரும். இந்த வருஷம் வெயில் காலத்தில் லீவில் வந்திருந்தார். ஒரு மத்தியானம் மின்சாரம் வந்த நேரம் பார்த்து எல்லோரும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். நான் ஏதோ பேச்சில் கப்பல் பெயரைச் சொன்னேன். "ஆயா, அது நெஜக் கப்பல் பேரா? நீங்க ஏதோ சாமி பேரு சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்தார். பிறகு போனை எடுத்துத் தட்டினார். பழைய கப்பல்களின் ஜாதகத்தை எல்லாம் சேர்த்துவைக்கிற பைத்தியக்காரர்கள் உலகத்தில் இருக்கிறார்களாம்.

விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். லஃபெயே டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பிறகு, "ஆயா, இருக்கு" என்றார்.

அது பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். பெரிய சண்டை நடந்தபோது, கப்பல்களை ஜெர்மன்காரன் அடித்து அடித்து மூழ்கடித்தபோது, போனதற்கு ஈடாகப் புதுக் கப்பல்கள் அவசர அவசரமாகக் கட்டினார்களாம். ஒரே படத்தை வைத்துக்கொண்டு கனடாவில் கட்டின கூட்டத்தில் இதுவும் ஒன்று. ஒரே தட்டில் வெந்த இட்லிபோல எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆம்பிளைகள் சண்டைக்குப் போய்விட்டதால் பட்டறையில் நிறையப் பெண்கள் வேலை செய்தார்களாம்.

"பொம்பளைங்க கட்டின கப்பலா அது?"

"ஆமா ஆயா. ஆணியைப் பழுக்கக் காச்சி, இடுக்கியில புடிச்சு வீசுவாங்க, இன்னொருத்தி வாளியில புடிப்பா."

நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு நான் தொட்டது எந்தப் பொம்பிளை பிடித்த ஆணியோ.

"ஒரு தடவை சரக்கைக் கொண்டுபோய் எறக்கிட்டாலே போதும், கட்டின செலவு தீந்துச்சுன்னு நெனச்சுக் கட்டின கப்பல் ஆயா இது. ஆனா சண்டை முடிஞ்சும் எத்தனை வருஷம் ஓடியிருக்கு பாருங்க."

"அதான் பொம்பளைங்க கட்டினதுன்னு சொன்னியே."

சண்டைக்காலத்தில் கோதுமை, டப்பா இறைச்சி, லாரி எல்லாம் ஏற்றிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகக் கடலைத் தாண்டியதாம். முன்னாலும் பின்னாலும் போர்க்கப்பல் காவல். அப்போதே ரங்கூனுக்கு வந்ததா என்று கேட்டேன். அது எழுதியில்லை என்றார். சண்டை முடிந்ததும் ஒரு கம்பெனி வாங்கிப் புதுப் பெயர் வைத்தது. அந்தப் பெயர்தான் நான் சொல்லிக்கொண்டிருந்த பெயர். அது பிறந்தபோது வைத்த பெயர் வேறு. எனக்கு இது ஒரு மாதிரியாக இருந்தது. நான் இத்தனை காலம் சொன்னது அதன் நடுப்பெயர்தானா? பிறகு யோசித்தேன், ஊரே ரங்கூனிலிருந்து யாங்கோன் ஆகவில்லையா, தெருக்களுக்கெல்லாம் பெயர் மாறவில்லையா, அதில் குடியிருந்த நாங்கள் மாறிவிட்டோமா என்ன?

படம் ஒன்று காட்டினார். நான் விரல் வைத்ததும் படம் பெரிதாகி எங்கோ ஓடிவிட்டது. அவர் சரிசெய்து கொடுத்தார். புகைக்குழாயைத் தேடினேன். பழைய காலத்துப் படம், எல்லாமே சாம்பல் நிறம். குழாயில் வெளுப்பாக ஒரு வளையம் தெரிந்தது, அது மஞ்சளா வெள்ளையா சொல்ல முடியாது.

"இப்ப கேளுங்க ஆயா" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் மாறியிருந்தது. "அந்தக் கம்பெனிக்கு இதே மாதிரி இன்னொரு கப்பலும் இருந்திருக்கு. கூடப்பொறந்தது. அதுக்கும் அதே மஞ்சப் பட்டைதான். புயல்ல முங்கினது அது. ஒங்க கப்பல் முங்கல. அந்த வருஷமே, அதுக்குக் கொஞ்சம் முந்தி, ஹாங்காங் கம்பெனி ஒண்ணுக்கு வித்திருக்காங்க. பேரு மாத்தி, குழாய் நெறம் மாத்தி..."

நான் எழுந்துவிட்டேன். முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் கேட்கிறவள், ஒரே மூச்சில் எழுந்து போய் மாமியார் படத்துக்கு முன்னால் நின்றேன். "கேட்டீங்களா அத்தை? கறுப்பு அடிச்சாங்கன்னு சொன்னேன்ல? ஒங்க தம்பிகிட்ட போய்ச் சொல்லுங்க!" என் மகன் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். பேத்தி கை தட்டிச் சிரித்தாள். தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகச் சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் என்னைக் கேலி செய்தவர்களில் ஒருத்திகூட இப்போது இல்லை. குழாயடியே இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். "அப்புறம் எங்க போச்சு அது?"

"சில வருஷம் அந்தப் பக்கம் ஓடியிருக்கு. ஜப்பான், மணிலா, அங்கிட்டு. கடைசியா தைவான்ல கொண்டுபோய் ஒடச்சிட்டாங்க."

"ஒடைக்கறதுன்னா?"

"கரையோரமா கட்டிப்போட்டு, காஸ் வச்சு அறுத்துத் துண்டு துண்டா எடுத்துருவாங்க. பிறகு உருக்கிக் கம்பி போடுவாங்க. வீடு கட்டுற கம்பி."

எனக்குப் புரியவேண்டியது அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. "அப்போ உள்ள இருந்தவங்க?"

"கப்பலை ஒடைக்கறதுக்கு முந்தி எல்லாரையும் எறக்கிருவாங்க ஆயா. சம்பளத்தைத் தீத்து ஊருக்கு அனுப்பிருவாங்க."

"எந்த ஊருக்கு?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். நான் விடவில்லை. "எந்த ஊருக்கு மாப்பிள்ளை?"

"அவங்க கையில எந்த ஊர்க் காகிதம் இருக்கோ அந்த ஊருக்கு."

இவர் ரங்கூனில் பிறந்தவர். ஆனால் அவரிடம் இருந்தது வெளிநாட்டுக்காரர் என்று எழுதின அட்டை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலரிடம் அதுதான் இருந்தது. வெளியே போனவர்கள் உள்ளே வர முடியாமல் கிடந்த கதை எனக்கும் தெரியும். அப்படியானால் அவர் தைவானில் இறங்கி எங்கே போனார்? மெட்ராசுக்கா? அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே போய் வேறு குடும்பம் ஆகியிருந்தால்? ஒரு கடுதாசி போடக்கூடவா கை இல்லை? இல்லை, போட்டு வரவில்லையா? இல்லை, ஹாங்காங்காரன் வாங்கினதுமே இறக்கிவிட்டானா? கப்பலிலேயே காய்ச்சல் கண்டு கடலில் போட்டுவிட்டார்களா?

இத்தனை வருஷம் நான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் உயிரோடு இருக்கிறவர் எங்கே இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார், யாரோடு இருக்கிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் மனதில் அவர் கப்பலில்தான் இருந்தார். கறுப்புக் குழாய்க்குக் கீழே, எண்ணெய் டப்பாவோடு. அந்தக் கப்பலை அறுத்துக் கம்பி போட்டுவிட்டார்கள் என்றால் அவரை நான் எங்கே வைப்பது? கடலில் மூழ்கியிருந்தால் மாமியார் ஜெயித்திருப்பார். நான் ஜெயித்தேன். ஜெயித்து எனக்கு என்ன கிடைத்தது என்று இன்றைக்கும் புரியவில்லை.

பெயிண்ட் குழப்பமாவது தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கடைசித் தடவைதான் அடித்தார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்த வாந்தி? அது எதற்கு வந்தது?

ஆடி மாசம் பிறந்தது. என் மகன் இரண்டு மூன்று நாளாக எதையோ கேட்க வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. கடைசியில் நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா, அப்போ நான் இவ்வளவு வருஷம் யாருக்குத் தண்ணி விட்டேன்?"

"ஒங்க அப்பாவுக்குத்தான்."

"அவருதான் அப்ப சாகலையே? உசுரோட இருக்கறவருக்கு எள்ளுத் தண்ணி விடலாமா?"

"இப்ப இருந்தா தொண்ணூறு தாண்டியிருக்கும்டா."

"அப்ப இப்ப இல்லைங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"என்னதாம்மா சொல்றீங்க? இந்த வருஷம் விடணுமா வேணாமா? நீங்க சொல்றதைச் செய்யறேன்."

இத்தனை காலத்தில் அவன் என்னிடம் இதைக் கேட்டதே இல்லை. ஆயா சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான். இப்போது என் வாயிலிருந்து வரவேண்டும். விடு என்றால் நான் அவரைச் சாகவிட்டேன், குங்குமத்தை அழிக்கவேண்டியதுதான். விடாதே என்றால் அவர் எங்கேயோ இருந்துகொண்டு எங்களை வேண்டாமென்று விட்டவர். இரண்டுக்கும் எனக்கு மனசு வரவில்லை. "அன்னைக்கு நானும் வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

அமாவாசையன்று விடிந்ததிலிருந்தே நல்ல மழை. வழக்கம்போல் முதலில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கினேன், முள்ளில்லாத பெரிய மீனாகப் பார்த்து. அதைச் சட்டியில் போட்டு மூடிவைத்துவிட்டு மகனோடு ஆற்றுக்குப் போனேன். துறையில் தார்ப்பாய்க்குக் கீழே குருக்கள் உட்கார்ந்திருந்தார், வயசு குறைந்தவர். குங்குமத்தோடு நான் வந்ததைப் பார்த்து, "அம்மா, நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க, இது..." என்று இழுத்தார். நான் நகரவில்லை. மகன் தர்ப்பையை வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பேர் சொல்லுங்க" என்றார் குருக்கள்.

மகன் மறுபடியும் என்னைத்தான் பார்த்தான். ஆறு செம்மண் நிறத்தில் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிறம் எனக்குத் தெரிந்த நிறம். நான் கப்பல் பெயரைச் சொன்னேன்.

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளைக்காரப் பேரா இருக்கே. வேதக்காரங்களா நீங்க?"

"இல்ல. இரும்பு."

"என்னம்மா?"

"அது கப்பல் சாமி. பொறந்தது கனடா, செத்தது தைவான். செத்ததுன்னு நிச்சயமாத் தெரிஞ்சது எங்க வீட்டுல அது ஒண்ணுதான். அதுக்கு விடுங்க."

அவர் என் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். தார்ப்பாயில் தேங்கின மழைத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டியது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "கோத்திரம் என்னன்னு சொல்றது..." என்று முனகிவிட்டு, "சரி, சிவ கோத்திரம்னு வச்சுக்கறேன்" என்றார்.

"அம்மா, அப்பாவுக்கு?" என்று மகன் காதோடு கேட்டான்.

"கப்பலுக்கு விடு. அது கொண்டுபோகும். ஏத்திவிட்டதை எறக்கவேண்டிய எடத்துல எறக்கும், அதான அதுக்கு வேலை."

அவன் எள்ளைக் கையில் வைத்துத் தண்ணீர் விட்டான். குருக்கள் அந்த வெள்ளைக்காரப் பெயரை மந்திரத்துக்கு நடுவில் வைத்துத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொன்னார். நான் திருத்தவில்லை. எள் மிதந்து, கட்டியிருந்த சம்பான்களுக்கு நடுவில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது பார்த்தால், மழையில் குங்குமம் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு, குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வைத்துக்கொண்டேன். கோணலாக விழுந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

மத்தியானம் மகன் அடுப்படியில் எட்டிப் பார்த்தான். அடுப்பில் சோறும் வாழைக்காய் வறுவலும் மட்டும் இருந்தன. சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, மீனு அப்படியே இருக்கே?" என்றான்.

"மஞ்சத்தூள் பொரட்டி வையி. நாளைக்குப் பாக்கலாம்" என்றேன்.